கிளம்ப மறுக்கும் பழைய கார்

புங்குடுதீவின் மேற்குக் கரையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அறியாத தீவகத்தார் இலர். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் அங்கேதான் படகேறுகின்றனர். சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு காலைப்பொழுதில் நாம் அவ்விறங்குதுறையில் நின்றிருந்தோம். வேலணையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எமது நெடுநாள் நண்பர், தமது மொறிஸ் மைனர் காருடன் வந்திருந்தார். நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வரும் அவரது சிறிய தாயாரை, கண் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே நோக்கம். அம்மூதாட்டிக்கு வயது 80க்கு மேல். படகு ஆடிய ஆட்டத்தில் களைத்துப்போயிருந்தவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பின்னாசனத்தில் அமர்த்தினோம்.

நண்பர் ஸ்ராட்டர் குமிழை இழுத்தார். எஞ்சின் ஒரு முனகல் முனகிற்று. மறுபடி இழுத்தார். இம்முறை முனகலும் இல்லை. யாழ்ப்பாணம் செல்லும் பேருந்தோ சற்று முன்னர்தான் புறப்பட்டுப் போயிருந்தது.

"எட்டு மாதத்தில் இரண்டு புதுப் பற்றரி வாங்கிப் போட்டுவிட்டேன். ஓய்வூதியத்தில் பாதி இதற்கே போகிறது. இனி இந்தக் காரை விற்றுவிடுவதுதான் வழி" என்று நண்பர் மனம் நொந்து சொன்னார்.

இது எமது நண்பர் ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்த தொல்லையன்று. பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் யாவும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதை அநுபவித்தே இருக்கும். கார் கிளம்பவில்லையென்றால் உடனே பற்றரியைக் குற்றஞ்சாட்டுவதும், மின்னேற்றம் இல்லையென்றால் உடனே டைனமோவைக் கழற்றுவதும் பலரது வழக்கம். நோயையும் நோயின் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ணவேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை வைத்தியருக்கு வகுத்த முறை, வாகனத்துக்கும் முற்றிலும் பொருந்தும். அம்முறையை எமது வாசகர்களுக்கு, சிறப்பாகப் பௌதிகவியல் பயிலும் மாணவர்களுக்கு, எடுத்துச் சொல்ல இக்கட்டுரையில் முயல்வோம்.

பழைய கார்கள் நிலைத்த வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய பிரித்தானியக் கார்கள் இன்றும் கண்ணிற் படுகின்றன. இவற்றுள் மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்காரின் உற்பத்தி 1971 வரையில் நீடித்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

இவை எமது மண்ணில் நிலைத்தமைக்கு வெறும் பழமைப் பற்று மாத்திரம் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. உள்ளதைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. சைக்கிள் டைனமோவைக் கையாற் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட காலம் அது. சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய சாரதிகள் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதாலேயே அவை அந்தக் கீழ்த்தர எரிபொருளையும் ஏற்றுக்கொண்டன. பின்னரும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தபோது, பழைய காரின் மதிப்பு மீண்டும் ஒருமுறை உணரப்பட்டது.

ஆகவே, இத்தகைய காரொன்றை விற்றுவிடுவதற்கு முன்னர், அதன் நோய் யாது என்பதை அறிந்துகொள்வது நன்று.

மின்சாரம் செல்லும் வழி

பழைய காரின் மின்னமைப்பை ஒரு வீட்டின் வரவு செலவுடன் ஒப்பிடலாம். பற்றரி சேமிப்புப் பெட்டகம். டைனமோ உழைத்துச் சம்பாதிப்பவர். ஸ்ராட்டர் மோட்டார் ஒரே தடவையில் பெருந்தொகையைக் கேட்கும் செலவாளி. றெகுலேற்றர் என்னும் சீராக்கி, வரவை அளந்து பெட்டகத்தில் இடும் கணக்குப்பிள்ளை. இந்நால்வருள் எவர் தவறினார் என்று காண்பதே நோயறிதல்.

1859இல் பிரான்ஸ் தேசத்து அறிஞர் கஸ்ரன் பிளாந்தே ஈய அமிலச் சேமிப்புக்கலத்தைக் கண்டுபிடித்தார். இன்றும் கார் பற்றரி அடிப்படையில் அதுவே. ஈயவீரொட்சைட்டுத் தகடும் ஈயத் தகடும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் நிற்கின்றன. மின்னை வெளியே தரும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. மின்னேற்றும்போது பழைய நிலைக்கு மீள்கின்றன. ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்கள் சேர்ந்து 12 வோல்ற்றாகும்.

1912ஆம் ஆண்டு வரையில் கார்களைக் கைப்பிடி சுழற்றியே கிளப்பினார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறிவதும் உண்டு. அவ்வாண்டு சாள்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கர் அமைத்த மின் ஸ்ராட்டர் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. அன்றுமுதல் கார் ஓட்டுவதற்குப் புயவலிமை வேண்டாததாயிற்று. ஆனால் புயவலிமையின் இடத்தை மின்னோட்டம் நிரப்பவேண்டும் அல்லவா? ஒரு சிறிய எஞ்சினைச் சுழற்றுவதற்கும் 150 அம்பியருக்குக் குறையாத மின்னோட்டம் தேவைப்படலாம். பெருவெளிச்சம் இரண்டும் சேர்ந்து கேட்பதோ ஏழு எட்டு அம்பியர்தான். எரிபற்றும் சுருளுக்கு மூன்று நான்கு அம்பியர் போதும்.

"விளக்கு எரிகிறது, ஹோர்ண் அடிக்கிறது; ஸ்ராட்டர் மாத்திரம் ஏன் சுற்றுவதில்லை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒழுங்கையால் சைக்கிள் போகலாம், தேர் போகமுடியாது.

மாணவர்கள் ஓமின் விதியை இங்கே நினைவுகூர்க. தடையை மின்னோட்டத்தாற் பெருக்கினால் இழக்கப்படும் வோல்ற்றளவு வரும். ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை மாத்திரம் இருப்பதாகக் கொள்வோம். 8 அம்பியர் விளக்குச் சுற்றில் அது இழப்பது 0.16 வோல்ற்று, அது கண்ணுக்கே தெரியாது. அதே மூட்டின் வழியாக 150 அம்பியர் செல்ல முயன்றால் 3 வோல்ற்று அங்கேயே அழியும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு களிம்பு, புத்தம் புதிய பற்றரியையும் கிழட்டுப் பற்றரியாகக் காட்டிவிடும்.

விளக்கே சாட்சி

இனிக் குறிகட்டுவானுக்கு மீள்வோம். படகுக்காரர் ஒருவர் தகவல் சொல்லியனுப்ப, அயலில் வசிக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு சிறிய தகரப்பெட்டி. இதற்குள் நான்கு இளைஞர்கள் காரைத் தள்ளுவதற்கு ஆயத்தமாக நின்றனர். கைப்பிடி சுழற்றலாம் என்றால், அது 1991 இடப்பெயர்வில் தொலைந்து போயிருந்தது.

பெரியவர் இளைஞர்களைத் தடுத்தார். "தள்ளினால் கிளம்பும் தம்பியவை. ஆனால் பண்ணைத் தாம்போதியின் நடுவிலே நின்றுபோனால், வெயிலிலே ஆச்சியை வைத்துக்கொண்டு மாஸ்ரர் என்ன செய்வார்?" என்றார். பின்னர் நண்பரை நோக்கி, "மாஸ்ரர், பெரிய லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை ஒருக்கால் இழுங்கோ" என்றார்.

இச்சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எமது வாசகர்கள் ஒவ்வொருவரும் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பெருவெளிச்சத்தை ஏற்றி, ஸ்ராட்டரை இயக்கி, விளக்கைக் கவனிக்கவேண்டும். நான்கு விதமான விடைகள் கிடைக்கும்.

முதலாவது, விளக்கு முன்னரே மங்கலாக எரிந்து, ஸ்ராட்டரை இழுத்ததும் அணையும் நிலைக்கு வந்தால், பற்றரியில் மின் இல்லை. அல்லது பற்றரி முனைகளிலேயே தொடர்பு கெட்டிருக்கிறது.

இரண்டாவது, விளக்கு நன்றாக எரிந்து, ஸ்ராட்டரை இழுத்ததும் பெரிதும் மங்கி, எஞ்சினும் அசையாவிட்டால், ஸ்ராட்டரின் பற்சில்லு எஞ்சினின் பற்சில்லில் இறுகியிருக்கலாம். எரிபற்றலை நிறுத்தி, நான்காம் கியரில் இட்டு, காரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் அது விடுபடும். ஸ்ராட்டர்த் தண்டின் சதுர முனையைச் சாவியாற் திருப்பியும் விடுவிக்கலாம்.

மூன்றாவது, ஸ்ராட்டர் விர்ரென்று சுழலும் ஓசை கேட்டு, எஞ்சின் மாத்திரம் சுழலாவிட்டால், பற்சில்லு தண்டின்மேல் நகரவில்லை. பெரும்பாலும் அழுக்கும் பழைய எண்ணெயுமே காரணம். மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தால் போதும். எண்ணெய் மீண்டும் இடலாகாது.

நான்காவது, ஸ்ராட்டரை இழுத்தும் விளக்கு மங்காமல் முன்போலவே பிரகாசித்தால், பற்றரி நலமாக இருக்கிறது. ஆனால் அதன் மின் ஸ்ராட்டருக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ தடை.

எமது நண்பரின் காரில் விளக்கு மங்கவேயில்லை. இரண்டு பற்றரி வாங்கிய பணமும் வீண் என்பது அந்தக் கணமே தெரிந்துபோயிற்று.

சூடான கம்பி

பெரியவர் அடுத்துச் செய்தது எமக்கு வியப்பாக இருந்தது. ஸ்ராட்டரை மேலும் ஒருமுறை சில விநாடிகள் இழுக்கச் செய்து, உடனே கையை நீட்டி ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தார். தடையுள்ள மூட்டு சூடேறும் என்பது இயற்கை விதி. பற்றரி முனைகள் குளிர்ந்திருந்தன. ஸ்ராட்டர் ஆளியும் குளிர்ந்திருந்தது. காபரேற்றரிலிருந்து சாரதியின் முன்பலகைக்குச் செல்லும் சோக் கம்பியைத் தொட்டவர், சட்டென்று கையை எடுத்தார். அது கொதித்துக்கொண்டிருந்தது.

"பிடிபட்டுவிட்டது மாஸ்ரர். எஞ்சினின் ஏர்த் போய்விட்டது" என்றார்.

இதன் தத்துவத்தை விளக்குவோம். பழைய காரில் பற்றரியின் ஒரு முனை கம்பியால் கருவிகளுக்குச் செல்கிறது. மறுமுனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதனையே ஏர்த் என்றும் புவித்தொடுப்பு என்றும் வழங்குகிறோம். மின் ஒரு வழியாற் சென்று, உடல் வழியாகத் திரும்புகிறது. ஆனால் எஞ்சினோ அதிர்வு தெரியாதிருக்கும்பொருட்டு இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தப்பட்டிருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் உடலையும் இணைக்க, பின்னிய செப்புப் பட்டியொன்று அடியில் பூட்டப்பட்டிருக்கும். அப்பட்டி அறுந்தாலோ களிம்பேறினாலோ, ஸ்ராட்டரின் 150 அம்பியர் திரும்பிச் செல்ல வழியின்றித் தவிக்கும். எஞ்சினையும் உடலையும் தொடுகின்ற வேறு எந்த உலோகமாவது கிடைக்குமா என்று தேடும். மெல்லிய சோக் கம்பியே அகப்படும். அது கொதிக்கும், சில வேளை புகையும். எஞ்சின் சுழலாது.

காரின் கீழே படுத்துப் பார்த்தபோது பட்டியின் ஒரு முனை பச்சைக் களிம்பாகி, இழைகளிற் பெரும்பாலானவை அறுந்து, ஒரு சில மாத்திரம் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏன் அண்ணை, போன மாதம் முழுக்கச் சிவப்பு லைற்றும் அணையாமல் மினுங்கியதே, அது டைனமோ பழுது என்றல்லவா சொன்னார்கள்?" என்று நண்பர் கேட்டார்.

"டைனமோவும் எஞ்சினிலேதானே பூட்டியிருக்கிறது, மாஸ்ரர்!" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வாக்கியம் எமது மனத்தில் ஆழப் பதிந்தது. ஸ்ராட்டருக்கு மின் திரும்பிச் செல்லும் வழியும் டைனமோவுக்கு மின் திரும்பிச் செல்லும் வழியும் ஒன்றே. அவ்வழி கெட்டால் கிளம்புதலும் கெடும், மின்னேற்றமும் குன்றும். இரண்டு நோய்கள் ஒரேநேரத்தில் தோன்றினால், இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணத்தை முதலில் தேடவேண்டும். இது காருக்கு மாத்திரமன்றி, அறிவியல் ஆராய்ச்சி அனைத்துக்குமே ஏற்ற நெறியாகும்.

மின்னேறாதபோது

ஏர்த் செம்மையாக இருந்தும் மின்னேற்றம் இல்லையாயின், பின்வரும் ஒழுங்கில் தேடுதல் நன்று.

முதலில் விசிறிப் பட்டி. விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தளரவேண்டும். அதனினும் அதிகம் தளர்ந்தால் பட்டி வழுக்கும். டைனமோ போதிய வேகத்திற் சுழலாது.

அடுத்து, முன்பலகையிலுள்ள சிவப்பு விளக்கு. எரிபற்றும் ஆளியைத் திருப்பியதும் அது எரியவேண்டும். எஞ்சின் வேகம் பெற்றதும் அணையவேண்டும். எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது மினுங்குவது பழைய டைனமோவின் இயல்பு, அஞ்சவேண்டியதில்லை. வேகமாக ஓடும்போதும் எரிந்தால் டைனமோவில் மின் பிறக்கவில்லை.

மூன்றாவது, டைனமோவைத் தனியே சோதித்தல். அதன் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில் வோல்ற்றுமானியைப் பிடிக்கவேண்டும். எஞ்சினை மெல்ல வேகப்படுத்தினால், நிமிடத்துக்கு 1000 சுழற்சியைத் தாண்டுமுன்னரே ஊசி 20 வோல்ற்று வரையில் எளிதாக ஏறும். அதற்குமேல் வேகப்படுத்தலாகாது. ஊசி ஏறினால் டைனமோ நலம். குற்றம் சீராக்கியிலோ வயர்களிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் காபன் தூரிகைகள் தேய்ந்தோ, அவை உரசும் செப்பு வளையம் அழுக்கேறியோ இருக்கக்கூடும். பெரும்பாலும் இவற்றைத் துடைத்து, தூரிகைகளை மாற்றினாலே டைனமோ உயிர்பெற்றுவிடும்.

இறுதியிலேயே சீராக்கிப் பெட்டியைத் திறக்கவேண்டும். அதனுள் இருக்கும் கட்டவுட் என்னும் சாதனம், டைனமோவின் வோல்ற்றளவு ஏறக்குறைய 13ஐ எட்டியதும் இணைத்துவிடுகிறது. எஞ்சின் வேகம் குன்றியதும் பிரித்துவிடுகிறது. இல்லையேல் பற்றரி மின்னை டைனமோவுக்கே திருப்பிக் கொடுத்து வெறுமையாகிவிடும். அளவுமானி இன்றி அதன் திருகுகளைத் திருகிப்பார்ப்பது பேராபத்து.

ஒரு சிறு கணக்கையும் பார்ப்போம். ஸ்ராட்டர் 5 விநாடி சுழன்று 150 அம்பியர் எடுத்தால் செலவாவது 0.21 அம்பியர் மணி மாத்திரமே. 5 அம்பியர் வீதம் மின்னேற்றினால் இரண்டரை நிமிடத்தில் அது ஈடாகிவிடும். ஆகவே நல்ல நிலையிலுள்ள பற்றரி, காரைக் கிளப்புவதால் மாத்திரம் வெறுமையாவதில்லை. ஆனால் எங்கோ ஒரு வயரில் 0.2 அம்பியர் ஓயாது கசிந்தால், ஒருநாளைக்கு 4.8 அம்பியர் மணி போகும். 50 அம்பியர் மணிப் பற்றரி பத்து நாளில் வறண்டுவிடும். அடிக்கடி வெறுமையாகும் பற்றரிக்கு இத்தகைய கசிவையும் தேடிப் பார்க்கவேண்டும்.

இளைப்பாறிய நிலையில் பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.8க்குக் கீழே என்றால் வெறுமை. ஸ்ராட்டர் சுழலும்போது பற்றரி முனைகளில் 9.6க்குக் கீழே இறங்கினால் அதன் வலிமை குன்றிவிட்டது. இந்த அளவுகளைப் பார்த்தபின் வாங்கும் பற்றரியே தேவையான பற்றரி.

தீவகத்தின் தனித் தொல்லைகள்

கடல் சூழ்ந்த எமது தீவுகளில் இரும்பும் செம்பும் படும் பாடு தனி. மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரையில் உப்புக்காற்று வீசாத நாள் இல்லை. உப்புத் துகள் ஈரத்தை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு விரைந்து பரவும். பண்ணைத் தாம்போதியிலும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் தாம்போதியிலும் கடற்றுவலையில் நனையும் கார், வீடு திரும்பியதும் அடிப்புறம் நன்னீராற் கழுவப்படவேண்டும். பற்றரி முனைகளில் வெண்மையும் நீலமுமாகப் பூக்கும் பூவை, வெந்நீரிற் கரைத்த அப்பச்சோடாவாற் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்டி, மேலே வாசிலின் பூசவேண்டும். அப்பச்சோடா நீர் கலத்தினுள்ளே புகாதபடி மூடிகள் இறுக மூடியிருத்தல் அவசியம்.

இரண்டாவது தொல்லை நீர். பற்றரியில் நீர் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றுவோர் சிலர் உளர். சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த எமது தீவுகளின் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள் என்பது யாவரும் அறிந்ததே. அந்நீரிலுள்ள குளோரைட்டு ஈயத் தகடுகளை அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் ஆகாது.

மூன்றாவது, நெடுநாள் ஓய்வு. தீவக மக்களில் பெருந்தொகையினர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். கோயில் திருவிழாவுக்கென வரும்போது ஓட்டுவதற்காக ஒரு காரை ஊரில் நிறுத்திவைப்போர் உண்டு. பத்து மாதம் அசையாது நிற்கும் பற்றரியின் தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப் பளிங்காகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பயனில்லை. நிறுத்திவைக்கும்போது ஏர்த் முனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை பற்றரிக்கு மின்னேற்றும்படி எவரிடமாவது ஒப்படைத்துச் செல்லல் வேண்டும்.

எச்சரிக்கை

மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகிறது; ஒரு பீடி நெருப்பே அதனை வெடிக்கச் செய்யும். அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, கண்ணிற் பட்டிருந்தால் வைத்தியரிடம் விரையவேண்டும். வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடவேண்டும். பற்றரியைக் கழற்றும்போது ஏர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடவேண்டும்.

முக்கியமாக ஒன்று: அக்காலப் பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் நேர்முனையையே உடலோடு இணைத்தவை. இக்காலக் கார்களிலோ எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். இதனை அறியாது பற்றரியை மாற்றிப் பூட்டினாலும், புதிய காரிலிருந்து மின் கடன் வாங்கும்போது முனைகளைத் தவறாக இணைத்தாலும் பெருஞ்சேதம் விளையும். இரு கார்களின் உடல்களும் ஒன்றையொன்று தொடலாகாது. 24 வோல்ற்று லொறியிலிருந்து 12 வோல்ற்றுக் காருக்கு மின் எடுக்கவே கூடாது.

கைப்பிடி சுழற்றுவோர் கியர் விடுபட்டிருக்கிறதா, கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பெருவிரலை மற்றைய விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்கவேண்டும். மேலிருந்து கீழே அழுத்தலாகாது. எஞ்சின் திருப்பி உதைத்தாலும் கை தப்பும். ஸ்ராட்டரைச் சுழற்றும் வலிமை இல்லாத பற்றரியும் பொறிக்கு வேண்டிய மூன்று நான்கு அம்பியரைத் தரும் என்பதாலேயே கைப்பிடி பயன்படுகிறது. முற்றாக வறண்ட பற்றரியானால் கைப்பிடியாலும் பெரிதும் பயனில்லை.

முடிவு

பெரியவர் தமது தகரப்பெட்டியிலிருந்து பழைய பற்றரி வயர்த் துண்டொன்றை எடுத்தார். எஞ்சினின் ஓர் ஆணியையும் உடலின் ஓர் ஆணியையும் அரத்தாற் சுரண்டி வெளிறச் செய்து, அவ்வயரை இரண்டுக்கும் இடையில் இறுகப் பூட்டினார். நண்பர் குமிழை இழுத்தார். எஞ்சின் ஒரே சுழற்சியில் உயிர்பெற்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது. வேலைக்கு எடுத்த நேரம் அரைமணிக்குங் குறைவு.

"இது வழிக்குக் காணும், மாஸ்ரர். நாளைக்கு நல்ல பட்டியாக ஒன்று வாங்கிப் பூட்டுங்கோ. ஆச்சி, பயப்பிடாமற் போட்டு வாங்கோ" என்று சொல்லி, அவர் பெற்றுக்கொண்ட கூலி இரண்டு பற்றரிகளின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆச்சி தமது முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீ நல்லாயிருப்பாய் தம்பி" என்று வாழ்த்தினார். எழுபதைக் கடந்த அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

குறித்த நேரத்துக்குள் வைத்தியசாலையை அடைந்தோம். காரை விற்கும் பேச்சை நண்பர் அதன்பின் எடுக்கவில்லை. தமது அயலிலுள்ள மாணவர்களை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, காரின் மூடியைத் திறந்து, ஓமின் விதியை அதிலேயே கற்பித்தார் என்று பின்னர் அறிந்தோம்.

எமது தீவகத்தில் இத்தகைய முதிய மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கின்றனர். தடைக்காலத்தில் புதுப்பொருள் வாங்க வழியில்லாதபோது, உள்ளதை ஆராய்ந்து சீர்செய்யும் வித்தையைத் தேவையே அவர்களுக்குக் கற்பித்தது. பழுது என்றதும் புதியது வாங்கும் இக்காலத்தில் அந்த வித்தை எவருக்கும் கைமாறாமல் மறைந்துவிடக்கூடும். கல்வி பயிலும் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் அவர்களுள் ஒருவரிடம் சென்று, விளக்கைப் போட்டு, மூட்டைத் தொட்டு, காரணத்தைத் தேடும் முறையைப் பழகிக்கொள்வார்களாக. பாடப்புத்தகத்தில் உள்ள விதியும் பெரியவரின் கையில் உள்ள பழக்கமும் ஒன்றுசேர்ந்தால், எமது பழைய கார்கள் மாத்திரமன்றி எமது ஊர்களும் நலம் பெறும்.